காற்றுக் கணக்கு

அலையேற்ற அட்டவணையின் பின்பக்கத்தில்
மழுங்கிய பென்சிலால் எழுதுகிறேன்.
நாளை ஒன்பதரைக்கு லாக்லனோடு ஆட்டம்.
தோற்றவர் வேலி போடவேண்டும்:
எழுபது மீட்டர், ஐந்து கம்பி, தூண்களும் அவர் செலவு.
என் கடா அவன் ஆடுகளிடம் போனதா
அவன் ஆடுகள் என் கடாவிடம் வந்தனவா
என்பது நாலு வருட வழக்கு.
போதகர் பேசிப் பார்த்தார்.
கால்நடை மருத்துவர் சிரித்துவிட்டுப் படகேறினார்.

வானொலி சொல்கிறது:
ஹெப்ரிடிஸ் தீவுகள், தென்மேற்கு, விசை ஏழு.
நல்லது. பழகிய காற்று.

முதல் குழி. கடல் இடப்பக்கம்.
கொடியைப் பார்க்கவே கூடாது.
நீர்நாய்கள் ஏறிக் காயும் கறுப்புப் பாறைதான் குறி.
பந்து தண்ணீருக்கு மேலே போகும், பதறாதே.
வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பித் தரும்
பக்கத்து வீட்டுக்காரிபோல
காற்று அதைக் கொண்டுவந்து வைக்கும்,
சற்றுத் தாமதமாக.

இரண்டாவதில் முயல் வளைகள்.
மூன்றாவதில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கிறது,
கயிறு கட்டியிருக்கிறார்கள், சுற்றிப் போகவேண்டும்.
நான்காவது: கிரீனுக்கு இருபது கெஜம் முன்பே விழட்டும்.
மிச்சத்தை நிலம் பார்த்துக்கொள்ளும்;
இந்த மணலும் கட்டைப்புல்லும்
என்னைவிட நன்றாக உருட்டத் தெரிந்தவை.

ஐந்தாவது முடிந்ததும் திரும்பவேண்டும்.
அதுவரை முதுகைத் தள்ளியது
இனி முகத்தில் அறையும்.
இங்கேதான் லாக்லன் தோற்பான்.
நெட்டையன், பந்தையும் நெட்டையாகத்தான் அடிப்பான்.
மேலே போனதைக் காற்று பிடித்து விசாரிக்கும்.
நான் ஐந்தாம் எண் இரும்பை எடுத்து
தரையோடு தரையாக, கதவிடுக்கில் கடிதம் தள்ளுவதுபோல.

ஏழாவதின் பங்கரில் ஆடுகள் படுத்திருக்கும்.
யாருடையவை என்று கேட்காதே.
கேட்டால் அந்தக் குழி அவனுக்குத்தான்.
எட்டாவதில் மூச்சு வாங்கும், ரொட்டி தின்னலாம்.
ஒன்பதாவது மணற்குன்றுக்கு அப்பால்,
எதுவும் தெரியாது.
அங்கே எழுத ஒன்றுமில்லை.
சமமாக முடிந்தால்?
மறுநாள் ஞாயிறு, கேட்டுக்குப் பூட்டு.
சமமாக முடியக்கூடாது.

*

விடியுமுன் ஏதோ எழுப்பியது.
சத்தமல்ல.
புகைக்கூண்டு ஊளையிடவில்லை,
தகரக்கொட்டகை படபடக்கவில்லை.
நான் செவிடாகிவிட்டேனோ என்று
கரண்டியைத் தட்டிப் பார்த்தேன்.

வெளியே கடல்
ஊற்றி ஆறவைத்த ஈயம்.
எல்லா வீட்டுப் புகையும் நூல் பிடித்தாற்போல் மேலே.
அரை மைல் தள்ளி லாக்லன் வீட்டுக் கேட்
கிறீச்சிட்டது கேட்டது.
அவன் இருமியதும்.

முதல் டீயில் தகரப்பெட்டி இருக்கிறது,
கட்டணத்தை அவரவரே போடவேண்டும்.
அவன் எனக்கும் சேர்த்துப் போட்டிருந்தான்.
திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.
புல்லைக் கிள்ளி விட்டேன்,
நேரே என் பூட்ஸில் விழுந்தது.
அவனும் கிள்ளினான்.
அவன் பூட்ஸ்.

தீவன மூட்டை ரசீது ஒன்று
அவன் பையிலிருந்து எட்டிப் பார்த்தது:
ஒன்பது வரிசை,
அம்புக்குறிகள்,
‘தெ.மே. 7’ என்று அடிக்கோடு.

காற்றுள்ளபோது தூற்றிக்கொள்ளச் சொன்னார்கள், சரி.
இல்லாதபோது என்ன செய்வதென்று
ஒருவரும் சொல்லித் தொலையவில்லை.
ஐம்பத்தாறு வயதில்
கொடியை நேருக்கு நேர் பார்த்து
நான் ஒரு பந்துகூட அடித்ததில்லை.
அதோ, பாத்திரம் துடைத்த துணியாய்த்
தொங்குகிறது.

எங்கோ என் கடா கத்தியது,
அவ்வளவு தெளிவாக.
எந்தப் பக்கத்திலிருந்து என்று
இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ முதலில் அடி, முர்டினா.”
“ஏன், நீ அடியேன்.”